ஒரு நிமிடம் நாற்பது நொடி

சுவிட்சை அணைத்தபின்
மின்விசிறி முழுதாக நிற்க ஆகும் நேரம் அது.
செவ்வாய்ப்பேட்டை மாடிப் பட்டறையில்
என் கொழுந்தியாள் வேதவல்லி
வளையத்தை இடுக்கியில் பிடித்தபடி
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.
காற்றிருந்தால் பொடி பறக்கும்,
வெங்காரம் பறக்கும், சுடர் சாயும்,
பற்று பக்கத்து வளையத்தில் போய் ஒட்டும்.
காற்றில்லாவிட்டால்
கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே
வெள்ளிக்கு முன்னால் அவள் உருகுவாள்.

ஒரு ஜோடிக் கொலுசுக்கு ஆறு முறை அணைப்பு.
நாளுக்கு ஏழு ஜோடி.
பெருக்கிப் பார்த்தேன், எழுபது நிமிடம்.
கூலியில்லாத எழுபது நிமிடம்.
பொறுக்காத நாளில்
துடைப்பக் கட்டையை நீட்டி இறக்கையைத் தடுப்பாள்.
மூன்றில் ஒன்று வளைந்தே போயிருந்தது.

சூரமங்கலத்தில் காயில் கட்டும் கடை எனக்கு.
ஓட வைப்பதுதான் தொழில்.
நிறுத்தித் தரச் சொல்லி
யாரும் காசு கொடுத்ததில்லை.

பழைய மொபெட்டின் பிரேக் கட்டையை அறுத்து
விசிறித் தண்டில் பொருத்தினேன்.
மின்சாரம் இருக்கும்வரை காந்தம் கட்டையைத் தூக்கி வைக்கும்,
போனதும் ஸ்பிரிங் அதைத் தள்ளும்.
முதல் சோதனை.
இறக்கை சட்டென்று நின்றது.
தண்டு நிற்கவில்லை,
தன் மரையைத் தானே கழற்றிக்கொண்டு
முத்துத் தட்டின்மேல் இறங்கியது.
படிக்கட்டு வரைக்கும் வெள்ளி முத்து.
நல்லவேளை அவள் டீ வாங்கப் போயிருந்தாள்.
வேகம் எங்காவது போயாக வேண்டும் என்று
குனிந்து பொறுக்கும்போது தெரிந்தது.

"எடுத்ததும் நெருப்பைக் கிட்டக் காட்டினா வளையம் சுருங்கிடும்.
முதல்ல தூரத்துல காட்டு.
சூடு பழகட்டும். அப்புறம் கிட்ட."
அவள் பற்றவைப்பதைப் பற்றித்தான் சொன்னாள்.
நான் கட்டையைச் சாய்த்து வைத்தேன்.
முதலில் தடவும், பிறகு பிடிக்கும்.
நான்கு நொடி.

காப்புரிமை எழுதித் தருபவர்
மே மாதம் முழுக்க ஏற்காட்டில் இருந்தார்.
அந்த வீட்டில் விசிறியே இல்லை.
போர்வைக்குள் இருந்தபடி கேட்டு எழுதினார்:
மேற்சொன்ன தண்டின் மீதமைந்த
மேற்சொன்ன சக்கரத்தை
மேற்சொன்ன கட்டை, மேற்சொன்ன சாய்வில்...
வேதவல்லி படித்துவிட்டு,
"கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாரும் வந்திருக்காங்க" என்றாள்.
கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில்
ஒரு வரி காலியாக இருந்தது.
அவள் பெயரை எழுதினேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து அறிக்கை.
புதுமை இல்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில்
பெயர் வாயில் நுழையாத ஊரில் ஒருவன்
இதையே பதிந்திருக்கிறான்.
நான்காவது படத்தில் அதே சாய்ந்த கட்டை.
என் கையெழுத்தைப் பிறன் நோட்டில் பார்த்ததுபோல
வயிறு குளிர்ந்தது.
துடைப்பக் கட்டை மட்டும்
எந்த ஆவணத்திலும் இல்லை.

"பனி கொட்டுற ஊர்ல அவனுக்கு விசிறி எதுக்கு?"
என்று கேட்டாள் அவள்.
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அவன் வீட்லயும்
இடுக்கியோட யாரோ உட்கார்ந்திருக்கணும்."

பதில் அனுப்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.
பணம் கட்டுவதா வேண்டாமா,
தெரியவில்லை.
எதிர்வீட்டுப் பட்டறைக்காரன் என்னைக் கேட்காமலே
மூன்று விசிறிக்கு இதைச் செய்துகொண்டான்,
அதில் ஒன்று கிரீச்சிடுகிறது,
போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

மாடியில் சுவிட்ச் விழும் ஓசை.
நான்கு எண்ணுவதற்குள்
இறக்கைகள் தனித்தனியாகத் தெரிகின்றன.
சுடர் நிமிர்ந்து நிற்கிறது.
வேதவல்லி மட்டும்
இடுக்கியைப் பிடித்தபடி
இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.